ரக்பி நடுவர் பயிற்சி: எதை முதலில், எதைப் பிறகு

ஒரு பந்தும் முப்பது பேரும் இருந்தால் ரக்பி ஆடிவிடலாம். அந்த முப்பது பேரும் கழுத்தும் தலையும் பத்திரமாக வீடு திரும்ப ஒரு நடுவர் வேண்டும். வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் எனத் தமிழ்நாடு–கேரள எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் வருகிறவர்களுக்குச் சனி, ஞாயிறு காலைகளில் நடுவர் பயிற்சி கொடுத்துவருகிறேன். எட்டு வாரத்தில் ஒருவரை ஆட்டத்தை ஒப்படைக்கும் அளவுக்குக் கொண்டுவர முடியும். ஆனால் வரிசை முக்கியம்.

பயிற்சி கொடுப்பவர்கள் செய்கிற பெரிய தவறு, முதல் நாளே விதிப்புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவது. மொத்தம் 21 விதிகள். புதியவர் டிரைக்கு (எதிரணியின் கோல் கோட்டில் பந்தைத் தரையில் பதிப்பது) 5 புள்ளி, கன்வர்ஷனுக்கு 2, பெனால்டிக்கும் டிராப் கோலுக்கும் 3 என்று பிழையின்றி ஒப்பித்துவிட்டு மைதானத்துக்குள் போவார். முதல் ஸ்க்ரம் (இரு அணியும் குனிந்து பின்னிக்கொண்டு பந்துக்காகத் தள்ளுவது) கூடும்போது எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திகைப்பார். ஆகவே நான் பாதுகாப்பை முதலிலும், அதைச் செயல்படுத்தும் விசிலையும் கையையும் அதோடு சேர்த்தும், நுணுக்கமான விதிகளைக் கடைசியிலும் வைக்கிறேன்.

இந்த வழிகாட்டி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், கிளப்பில் மூத்த ஆட்டக்காரராக இருந்து இப்போது நடுவர்களைத் தயார்ப்படுத்த விரும்புகிறவர்களுக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு குழுவில் நான்கு முதல் ஆறு பேர் போதும். அதற்கு மேல் சேர்த்தால் ஒவ்வொருவரும் விசில் ஊதும் நேரம் குறைந்துவிடும். நடுவர் வேலை பார்த்துப் பழகுவதில் வராது, ஊதி ஊதித்தான் வரும்.

ரக்பியின் உலக ஆட்சி அமைப்பான வேர்ல்டு ரக்பி இணையத்தில் இலவசப் பாடங்களை வைத்திருக்கிறது. அவற்றில் மூன்றை முதல் நாளுக்கு முன்பே முடித்திருக்க வேண்டும்: பாதுகாப்பாக ஆடுவது பற்றிய ரக்பி ரெடி, மூளை அதிர்ச்சி பற்றிய பாடம், விதிகள் பற்றிய தேர்வு. ஆங்கிலம் தயக்கமாக இருக்கிறவரை, நன்றாகப் படிக்கத் தெரிந்த இன்னொருவருடன் உட்கார வையுங்கள். சான்றிதழ் வாங்குவது இரண்டாம் பட்சம். மூளை அதிர்ச்சியின் அறிகுறிகளைப் படிக்காத ஒருவர் பயிற்சி ஆட்டத்தில்கூட விசில் ஊதக் கூடாது என்பதே காரணம்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு விசில், இரண்டு கடிகாரம், ஒரு நாணயம், பென்சில், கெட்டி அட்டையில் புள்ளித்தாள், மஞ்சள், சிவப்பு அட்டைகள். விசிலையும் கடிகாரத்தையும் இரண்டிரண்டாகக் கேட்பதற்குக் காரணம், வியர்வையில் விசில் வழுக்கி விழும், ஆட்டம் நிற்கும்போது கடிகாரத்தை நிறுத்த மறந்துபோகும். ஒரு கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டால் மற்றொன்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம். பேனா வேண்டாம், மழையில் மை கலைந்துவிடும்.

முதலுதவி ஏற்பாடு இல்லாமல் பயிற்சி ஆட்டத்தையும் தொடங்காதீர்கள். முதலுதவி தெரிந்த ஒருவர், ஸ்ட்ரெச்சர், தயாராக நிற்கும் வண்டி, அதை ஓட்டுபவரின் பெயர். எல்லையோரத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 108 என்ற எண் இரு மாநிலத்துக்கும் பொது. ஆனால் இங்கே கைபேசி சில நேரம் அடுத்த மாநிலக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும், அழைப்பு அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடலாம். அதனால் அருகிலுள்ள மருத்துவமனையின் நேரடி எண்ணையும் புள்ளித்தாளின் பின்புறம் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

கடைசியாக உடல் தகுதி. 20 மீட்டர் போய் வந்து, 40 மீட்டர் போய் வந்து, 60 மீட்டர் போய் வர வேண்டும். இது ஒரு சுற்று. நிற்காமல் ஐந்து சுற்று, மொத்தம் 1,200 மீட்டர். பிராங்கோ என்று சொல்லும் இந்த ஓட்டத்தை 6 நிமிடத்துக்குள் முடிக்க முடியாதவரை நான் எல்லைக்கோட்டு உதவியாளராக மட்டுமே வைத்துக்கொள்கிறேன். மூச்சு வாங்கும் நடுவர் தாமதமாக வருவார். தாமதமாக வருகிறவர் பார்க்காததை ஊகித்துத் தீர்ப்புச் சொல்வார்.

2. முதல் வாரம்: விசில், கை, குரல்

முதல் இரண்டு காலைகளில் பந்தே தேவையில்லை. ஊதக் கற்றுக்கொடுங்கள்.

மூன்று ஒலிகள் போதும். ஆட்டத்தைத் தொடங்கவும் சாதாரணமாக நிறுத்தவும் குறுகிய ஊதல். பெனால்டிக்கு அழுத்தமான நீண்ட ஊதல். ஆபத்துக்கு, மூச்சு தீரும்வரை விடாமல் ஊதல். ஆட்டக்காரர்கள் நடுவரைத் திரும்பிப் பார்ப்பதற்குள் காது அவர்களுக்குச் செய்தியைச் சொல்லிவிட வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைக் கணக்கில் எடுக்காதவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் காற்று விசில் ஒலியைக் கிழக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தம்பி ஒருவர் நாக் ஆனுக்கு (பந்து கைதவறி முன்னால் போவது) ஊதினார். அவருக்கு மேற்கே நாற்பது மீட்டரில் இருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. ஆட்டம் நின்றதென்று உடலைத் தளர்த்திய ஒருவர்மீது, விசில் கேட்காத இன்னொருவர் முழு வேகத்தில் வந்து மோதினார். விலா எலும்பு தப்பியது அதிர்ஷ்டம். அன்றிலிருந்து ஒவ்வொருவரையும் காற்றுக்கு எதிர்முகமாக நிற்க வைத்து, ஐம்பது அடி தள்ளி முதுகைக் காட்டி நிற்பவர் கையை உயர்த்தும் வரை ஊதச் சொல்கிறேன். உள்ளே மணி இல்லாத விசில்தான் வாங்க வேண்டும்; மணி உள்ளது ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது கை. வரிசை இது: விசில், முதன்மைச் சைகை, காரணச் சைகை, பிறகு சொல். பெனால்டி என்றால் தவறு செய்யாத அணியின் பக்கம் கை நேராக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். ஃப்ரீ கிக் (சிறிய தவறுக்குக் கொடுப்பது) என்றால் அதே பக்கம், முழங்கை மடிந்திருக்கும். ஸ்க்ரம் என்றால் கை கிடைமட்டம். டிரை என்றால் கை செங்குத்து. அட்வான்டேஜ் (தவறு நடந்தும், மறு அணிக்குச் சாதகமாக ஆட்டத்தைத் தொடரவிடுவது) என்றால் இடுப்பு உயரத்தில் நீட்டிய கை. இந்த ஐந்தும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் பேச்சில் தொடங்கிவிடுகிறார்கள். ஊதியதும் தவறு செய்தவரைப் பார்த்து விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார்கள், கை தொங்கிக்கொண்டே இருக்கும். எந்த அணிக்குப் பந்து என்று தெரியாத அந்த மூன்று விநாடியில்தான் தள்ளுமுள்ளு தொடங்குகிறது.

3. இரண்டாம் வாரம்: ஆட்டத்துக்கு முந்தைய நாற்பது நிமிடம்

நடுவர் ஆட்டம் தொடங்க நாற்பது நிமிடம் முன்பே மைதானத்தில் இருக்க வேண்டும். பயிற்சியில் இதை ஒத்திகை பார்க்கிறோம்.

முதலில் தரை. நடுவர் தனியாக, மெதுவாக, குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டும். பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் கரிசல் மண். மார்ச், ஏப்ரலில் அது பாளம் பாளமாக வெடித்துவிடும். வெடிப்பில் நடுவிரல் முழுதும் இறங்குகிறது என்றால் அங்கே கணுக்காலும் மாட்டிக்கொள்ளும். அந்தப் பகுதியை விட்டு ஆடுகளத்தைத் தள்ளிப் போட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஆட்டம் இல்லை. தென்னந்தோப்பை ஒட்டிய மைதானமானால் மட்டையும் பாளையும் கிடக்கும். கோல் கம்பங்களுக்கு மெத்தை கட்டியிருக்க வேண்டும். மெத்தை இல்லாவிட்டால் பழைய நுரைப் படுக்கையைச் சுற்றிக் கயிறு போட்டாவது மூடச் சொல்லுங்கள்.

பிறகு உடை. பூட்ஸின் அடி முளைகளை ஒவ்வொன்றாகப் புறங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு தோலுக்குத் தெரியும். மோதிரம், சங்கிலி, காப்பு, உலோகத் தாயத்து எல்லாம் கழற்றப்பட வேண்டும்.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை இதில் பொறுமை தேவை. சபரிமலைக்கு மாலை போட்ட பிள்ளைகள் இரு பக்கத்து அணியிலும் இருப்பார்கள். அந்த மாலையைக் கழற்றச் சொல்வது சரியல்ல. அதைப் போட்டுக்கொண்டு ஆட அனுமதிப்பதும் சரியல்ல. டேக்கிளில் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) ஒரு கை மாலைக்குள் நுழைந்து இறுகினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆட்ட நாளன்று இதைச் சொன்னால் மனக்கசப்பு வரும். ஒரு வாரம் முன்பே பயிற்சியாளரிடம் பேசி, மாலை போட்டவர்களுக்கு எல்லைக்கோட்டுக் கொடியோ புள்ளிப்பலகையோ ஒப்படைக்கச் சொல்லுங்கள். முன்கூட்டி மரியாதையாகச் சொன்னபோது இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

மூன்றாவது, ஸ்க்ரத்தின் முன்வரிசை. இரு பயிற்சியாளர்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “முன்வரிசைக்குப் பயிற்சி பெற்றவர்கள் யார் யார், மாற்று ஆள் உண்டா?” எண்களை எழுதிக்கொள்ளுங்கள். “எல்லாரும் ஆடுவார்கள் சார்” என்று பதில் வந்தால் ஒருவரும் பயிற்சி பெறவில்லை என்று பொருள். அன்று தள்ளு இல்லாத ஸ்க்ரம் என்று அங்கேயே அறிவித்துவிட வேண்டும். ஆட்டம் சூடுபிடித்த பிறகு அறிவித்தால் அது தண்டனையாகத் தெரியும்.

4. மூன்றாம், நான்காம் வாரம்: ஸ்க்ரம்

இதற்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குகிறேன். பதினைந்து பேர் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர், மொத்தம் பதினாறு பேரின் எடை ஆறு கழுத்துகள்மீது இறங்கும் இடம் இது. இதில் நேரும் தவறு திருத்த முடியாததாகிவிடலாம்.

முதல் நாள் பயிற்சி நடுவர்களையே ஸ்க்ரத்துக்குள் நிற்க வையுங்கள். தள்ளு வேண்டாம். எதிராளியின் சட்டையைப் பிடித்துக் காதோடு காது வைத்துக் குனிந்து ஒரு நிமிடம் நின்றால் போதும். தொடை நடுங்கும், பார்வை தரையை விட்டு நகராது, வெளியே யார் என்ன சொல்கிறார்கள் என்பது மங்கலாகவே கேட்கும். முன்வரிசைக்காரர் நடுவரின் குரலை மட்டும் நம்பி நிற்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

பிறகு மூன்று கட்டளைகள்: கிரவுச் (குனி), பைண்ட் (பிடி), செட் (சேர்). ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு சோதனை.

கிரவுச் சொன்னதும் பாருங்கள்: தலையும் தோளும் இடுப்புக்குக் கீழே இறங்கியிருக்கின்றனவா? இறங்கியிருந்தால் நிறுத்தி எழுப்புங்கள். முதுகு கீழ்நோக்கிச் சரிந்த நிலையில் மோதினால் போக்கிடம் தரைதான்.

பைண்ட் சொன்னதும்: ஓரத்து ஆட்டக்காரர்களின் வெளிக்கை எதிராளியின் முதுகிலோ பக்கவாட்டிலோ சட்டையைப் பிடித்திருக்கிறதா? கையையோ, சட்டைக் கையையோ, கழுத்துப்பட்டையையோ பிடித்திருந்தால் ஸ்க்ரம் சரியும். ஒரு பக்கத்தை நீங்கள் பாருங்கள், மறுபக்கத்தை எல்லைக்கோட்டு உதவியாளர் பார்க்கட்டும்.

செட் சொன்ன பின்: இரு பக்கமும் நேராக, அசையாமல் நிற்கிறதா? நின்ற பிறகுதான் பந்து உள்ளே போக வேண்டும்.

புதியவர் மூன்று சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். பதற்றம்தான் காரணம். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் தாம் பார்த்ததை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளச் சொல்கிறேன்: “இடுப்பு சரி.” “பிடி சரி.” “அசைவு இல்லை.” இதைச் சொல்லி முடிக்க ஆகும் நேரமே சரியான இடைவெளி. எண்ணிக்கை வைத்தால் எண்ணுவதில் கவனம் போய்விடும், கண் பார்ப்பதை நிறுத்திவிடும்.

சரிந்தால் உடனே விசில். அந்த நொடியில் யார் சரித்தது என்று தேடுகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். தேடும் அரை நொடியில் பின்வரிசை இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும். முதலில் விசில், பிறகு “தள்ளாதீர்கள்” என்ற சத்தம், எல்லாரும் எழுந்த பிறகே தீர்ப்பு. யார் தவறு என்று தெரியவில்லையா, மறுபடி ஸ்க்ரம் கொடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கே எங்களுக்கு வாய்த்த ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். ஆபத்தில் இருக்கும் ஆட்டக்காரர் கத்துவதற்கு எல்லாருக்கும் புரிகிற ஒரு சொல் வேண்டும். “கழுத்து” என்பது தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றே. ஆட்டத்துக்கு முன் இரு அணி முன்வரிசையையும் கூப்பிட்டு, கழுத்து என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் எல்லாரும் தள்ளுவதை நிறுத்தி முழங்காலில் இறங்க வேண்டும் என்று சொல்லி, ஒருமுறை செய்தும் பார்க்க வையுங்கள். ஏமாற்றுவதற்குக் கத்துவார்களோ என்று ஒருவர் கேட்டார். பத்து முறை ஏமாந்தாலும் பரவாயில்லை, ஊதுங்கள்.

19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது. ஒன்றரை மீட்டர் எவ்வளவு என்று கண்ணுக்குப் பழக, தரையில் சுண்ணாம்புக் கோடு இரண்டு போட்டு இருபது முறை பார்க்க வையுங்கள்.

5. ஐந்தாம் வாரம்: டேக்கிளில் நான்கு கேள்வி

ஓர் ஆட்டத்தில் அதிகமான தீர்ப்புகள் இங்கேதான் விழும். நிலைத்தன்மை உண்டா இல்லையா என்று ஆட்டக்காரர்கள் முடிவு செய்வதும் இங்கேதான். அதற்குச் சூத்திரம் ஒன்றுதான்: கண் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் போக வேண்டும்.

ஒன்று, டேக்கிள் செய்தவர் பிடியை விட்டு விலகினாரா? இரண்டு, விழுந்தவர் பந்தை விடுவித்தாரா? மூன்று, வந்து சேருகிறவர்கள் தங்கள் அணிப் பக்கமிருந்து, காலில் நின்றபடி வருகிறார்களா? நான்கு, மற்றவர்கள் ஆஃப்சைடு கோட்டுக்கு (தம் அணிப் பக்கம் தாண்டாமல் நிற்க வேண்டிய எல்லை) பின்னால் இருக்கிறார்களா?

காரணம் எளிது. முதலாமவர் விலகாதவரை இரண்டாமவரால் பந்தை விட முடியாது. முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதற்கு ஊதினால், தவறு செய்தவருக்குப் பரிசும் அகப்பட்டவருக்குத் தண்டனையும் கிடைக்கும். இந்த அநியாயத்தை ஆட்டக்காரர்கள் உடனே உணர்வார்கள்.

பயிற்சி: பத்து மீட்டர் சதுரத்தில் மூவருக்கு எதிராக இருவர். முதலில் நடந்து, பிறகு மெதுவோட்டத்தில், பிறகு முழு வேகத்தில். நடுவர் பார்ப்பதை உரக்கச் சொல்ல வேண்டும்: “விலகினார், விட்டார், நேராக வந்தார், கோடு சரி.” முழு வேகத்தில் வாய் பின்தங்கும், பரவாயில்லை, கண் பழகிவிடும். இருபது முறைக்குப் பிறகு, பிராங்கோவில் இரண்டு சுற்று ஓடிவரச் செய்து அதையே மறுபடி செய்யச் சொல்லுங்கள். களைப்பில் முதலில் காணாமல் போவது நான்காவது கேள்வி. எல்லாரும் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்கள்.

கால்பந்து நடுவராக இருந்து வருகிறவர்கள் பாலக்காட்டுப் பக்கம் அதிகம். ஓட்டம் அருமையாக இருக்கும், ஆனால் பதினைந்து மீட்டர் தள்ளி நின்றே பார்ப்பார்கள். டேக்கிளை இரண்டு, மூன்று மீட்டரில் நின்று பார்த்து, முதல் மூன்று கேள்விக்கும் விடை கிடைத்ததும் பின்வாங்கிக் கோட்டைப் பார்க்க வேண்டும். கபடி ஆடி வளர்ந்தவர்களுக்கு வேறு விதமான பழக்கம்: பிடி வலுவாக இருந்தால் ரசித்து நின்றுவிடுவார்கள், விடவில்லை என்பது கண்ணில் படாது.

குரலை ஒருமுறை பயன்படுத்துங்கள். “ரிலீஸ்” என்று ஒரு தடவை. கேட்கவில்லையா, விசில். “ரிலீஸ், ரிலீஸ், ரிலீஸ்” என்று கெஞ்சிக்கொண்டே போனால், மூன்றாவது வரை காத்திருக்கலாம் என்று அணிகள் கற்றுக்கொள்ளும். ஆட்டத்தின் நடுவே இடும் கட்டளைகள் ஆங்கில ரக்பிச் சொற்களாகவே இருக்கட்டும்: ரிலீஸ் (விடு), ரோல் அவே (உருண்டு விலகு), ஹேண்ட்ஸ் ஆஃப் (கையை எடு), யூஸ் இட் (பந்தை ஆடு). இரு மொழிக்காரருக்கும் அவை ஒன்றே. விளக்கம் மட்டும் கேப்டனின் மொழியில்.

6. ஆறாம் வாரம்: தலைக்கு அடி

தோள்பட்டைக் கோட்டுக்கு மேல் டேக்கிள் செய்யக் கூடாது என்பது விதி. தலையில் தொடர்பு நேர்ந்தால் கேட்க வேண்டிய கேள்விகளை வேர்ல்டு ரக்பி வரிசைப்படுத்திக் கொடுத்திருக்கிறது: தலையில் தொடர்பு ஏற்பட்டதா? அது தவறான ஆட்டமா? ஆபத்து எந்த அளவு? தண்டனையைக் குறைக்கும் காரணம் ஏதும் உண்டா? புதியவர்கள் நான்காவதிலிருந்து தொடங்கிவிடுவார்கள். “அவர் குனிந்துவிட்டார் சார்” என்பார்கள். குனிந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் முதல் மூன்றுக்கும் விடை சொல்லாமல் அதற்குப் போனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு தீர்ப்பு வரும்.

மஞ்சள் அட்டைக்குப் பத்து நிமிடம் வெளியே, அணிக்கு எழுவர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் இரண்டு நிமிடம். இரண்டாவது மஞ்சள் சிவப்பாகும். அட்டையைக் காட்டும்போது முகத்துக்கு நேரே ஆட்டக் கூடாது. கேப்டனையும் கூப்பிட்டு, தவறை ஒரே வாக்கியத்தில் சொல்லி, பிறகு உயர்த்துங்கள்.

அட்டையைவிட முக்கியம் அடிபட்டவர். அசையாமல் கிடப்பது, எழும்போது தள்ளாடுவது, வெறித்த பார்வை, தலையைப் பிடித்துக்கொள்வது, தன் அணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று குழம்புவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அவர் வெளியேற வேண்டும், அன்று திரும்ப வரக் கூடாது. மருத்துவர் இல்லாவிட்டாலும் ஆட்டக்காரரை வெளியேற்றும் அதிகாரத்தை விதி நடுவருக்குக் கொடுத்திருக்கிறது. இதை நாங்கள் நடித்துப் பார்க்கிறோம், ஏனெனில் உண்மையில் நடக்கும்போது நாக்கு எழாது.

“கேப்டன், உங்கள் 12-ஆம் எண் வெளியே போகிறார்.”

“அண்ணா, ஒன்றுமில்லை அண்ணா, அவன் நன்றாகத்தான் இருக்கிறான்.”

“மருத்துவர் பார்க்கட்டும். இன்று அவர் ஆட மாட்டார். மாற்று ஆளை அனுப்புங்கள்.”

இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். வாதம் வளர்ந்தால் நடுவர் இளகிவிடுவார். அதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

கழுத்து வலிக்கிறது என்றாலோ, கை கால் மரத்துப்போனது என்றாலோ, அவரை யாரும் தொடக் கூடாது. நம் ஊரில் நால்வர் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார்கள், ஒருவர் முகத்தில் தண்ணீர் அடிப்பார், இன்னொருவர் வாயில் ஊற்றுவார். எல்லாம் அன்பினால் செய்வதுதான், ஆனாலும் தடுத்தே தீர வேண்டும். நடுவர் தலைமாட்டில் நின்று இரு கையையும் விரித்து எல்லாரையும் நிறுத்திவிட்டு முதலுதவியாளரைக் கூப்பிட வேண்டும். எவ்வளவு நேரமானாலும் ஆட்டம் காத்திருக்கட்டும்.

7. வெயிலும் இடியும்

பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. கடும் வெப்பமோ புழுக்கமோ இருந்தால் ஒவ்வொரு பாதியிலும் ஒரு நிமிடம் தண்ணீர் இடைவேளை கொடுக்க விதி இடம் தருகிறது. அது உண்டு என்பதை ஆட்டத்துக்கு முன்பே இரு அணிக்கும் சொல்லிவிடுங்கள். ஓர் அணி அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று அறிவித்தால் சந்தேகம் எழும். புள்ளி விழுந்த பிறகு கொடுப்பது நல்லது.

ஏப்ரல், மே மாலைகளிலும் அக்டோபர், நவம்பர் மாலைகளிலும் இடி வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடியோ அதற்குக் குறைவோ இருந்தால் எல்லாரும் கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். தென்னை மரத்தடி பாதுகாப்பான இடம் அல்ல. “இன்னும் ஐந்தே நிமிடம்தான் இருக்கிறது” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

8. ஏழாம் வாரம்: மீதி விதிகள்

இங்கே வந்த பிறகு விதிப்புத்தகம் எளிதாகிவிடும், ஏனெனில் பார்த்ததைப் படிக்கிறார்கள். லைன்அவுட்டில் (வெளியே போன பந்தை உள்ளே எறிந்து தொடங்குவது) இரு வரிசைக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி, சேராதவர்கள் பத்து மீட்டர் பின்னால், குதித்து மேலே இருப்பவரை யாரும் இழுக்கக் கூடாது. பெனால்டியில் பத்து மீட்டர் பின்வாங்க வேண்டும். ஸ்க்ரத்தில் பின்னாட்டக்காரர்கள் கடைசிக் காலுக்கு ஐந்து மீட்டர் பின்னால்.

அட்வான்டேஜ் பற்றி மட்டும் சற்று நில்லுங்கள். புதியவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள்: உடனே ஊதி ஆட்டத்தைத் துண்டு துண்டாக்குவது, அல்லது அரை மைதானம் வரை கையை நீட்டிக்கொண்டே ஓடுவது. நாக் ஆனுக்குக் கிடைக்கும் அட்வான்டேஜ் சீக்கிரம் முடிய வேண்டும், பெனால்டிக்குக் கிடைப்பது சற்று நீளலாம். முடிந்ததும் “ஓவர்” என்று சொல்ல வேண்டும். ஸ்க்ரம் சரிந்தாலோ, ஆட்டத்தைத் தொடர்வது ஆபத்து என்றாலோ, கடுமையான காயம் என்ற ஐயம் எழுந்தாலோ அட்வான்டேஜ் என்ற பேச்சே இல்லை.

9. எட்டாம் வாரம்: எல்லாரும் ஒரே தீர்ப்பு

ஒரு டேக்கிளின் பத்து விநாடிக் காட்சியைக் கைபேசியில் போட்டுக் காட்டுங்கள். ஆறு பேரும் பேசாமல் தனித்தனியாக எழுத வேண்டும்: ஊதுவேனா, யாருக்கு, எதற்கு. பிறகு தாள்களைத் திருப்புங்கள். முதல் தடவை நான்கு விதமான விடை வரும். யார் சரி என்று உடனே சொல்லிவிடாதீர்கள். நான்கு கேள்விகளில் எதில் பிரிந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். அநேகமாக முதல் கேள்வியைப் பார்க்காமல் தாண்டியவர்தான் வேறு பக்கம் போயிருப்பார்.

ஒவ்வொரு பயிற்சி ஆட்டத்திலும் ஒருவர் வெளியே உட்கார்ந்து பெனால்டிக் கணக்கு எழுத வேண்டும்: நிமிடம், இடம், காரணம், அணி. ஆட்டம் முடிந்ததும் முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பாதியில் விலகாததற்கு ஆறு, இரண்டாம் பாதியில் ஒன்று என்றால் ஆட்டக்காரர்கள் திருந்திவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். நடுவர் களைத்துவிட்டாரா என்று முதலில் பாருங்கள்.

எல்லையோரத்தில் இந்தக் கணக்குக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. இங்கே நடுவர் எந்தப் பக்கத்துக்காரர் என்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசுகிற பிள்ளைகள் இரண்டு அணியிலும் இருந்தாலும், தோற்ற அணி ஊரைத்தான் பார்க்கும். அதனால் மைதானத்துக்குள் “அண்ணா”, “சேட்டா”, “தம்பி” எதுவும் வேண்டாம் என்று சொல்கிறேன். கேப்டனைக் கேப்டன் என்றும் மற்றவர்களை எண்ணாலும், எல்லாரையும் மரியாதைப் பன்மையிலும் அழையுங்கள். தெரிந்தவரைப் பெயர் சொல்லியும் தெரியாதவரை எண் சொல்லியும் கூப்பிடுகிற நடுவர், தீர்ப்பில் நேர்மையாக இருந்தும் நம்பிக்கையை இழந்துவிடுகிறார். எல்லைக்கோட்டு உதவியாளர்களைப் பக்கத்துக்கு ஒருவராக வையுங்கள்.

பயிற்றுநருக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டம் நடக்கும்போது வெளியிலிருந்து கத்தாதீர்கள். முடிந்த பிறகு இரண்டே இரண்டு குறைகளைச் சொல்லுங்கள். பத்தைச் சொன்னால் அடுத்த ஆட்டத்தில் பத்தையும் நினைத்துக்கொண்டு ஒன்றையும் பார்க்க மாட்டார்.

10. முதல் ஆட்டங்களை ஒப்படைத்தல்

முதலில் டேக்கிள் இல்லாத டச் ரக்பி. ஓட்டமும் விசிலும் ஆஃப்சைடு கோடும் அங்கே பழகும். அடுத்து செவன்ஸ்: ஏழு நிமிடம் வீதம் இரண்டு பாதி, ஸ்க்ரத்தில் பக்கத்துக்கு மூவர்தான். வேகம் அதிகம் என்றாலும் களைப்பதற்குள் முடிந்துவிடும், ஒரே நாளில் மூன்று, நான்கு ஆட்டம் கிடைக்கும். அதில் பத்து ஆட்டமாவது ஊதிய பிறகே பதினைந்து பேர் ஆட்டம். அதுவும் முதலில் 19 வயதுக்குட்பட்டோருக்கு, பாதிக்கு 35 நிமிடத்துக்கு மிகாமல். தள்ளு அனுபவமுள்ள பெரியவர்களின் 80 நிமிட ஆட்டம் அதன் பிறகுதான். முதல் ஆட்டத்தையே ஊர்த்திருவிழாப் போட்டியின் இறுதி ஆட்டமாகக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் சிக்கியவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் விசிலைத் தொடவில்லை.

கூட்டம் ஏச ஆரம்பித்தால் நடுவர் கூட்டத்தோடு பேசக் கூடாது. ஆட்டத்தை நிறுத்தி, அந்த அணியின் கேப்டனையும் பயிற்சியாளரையும் கூப்பிட்டு, அவர்கள் அடக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்த அன்றிரவே அறிக்கை எழுதுங்கள். சிவப்பு அட்டையானாலும், தலைக்காயமானாலும், இரண்டும் இல்லாவிட்டாலும். எந்த நிமிடம், புள்ளி எவ்வளவு, நான் எங்கே நின்றேன், எத்தனை மீட்டர் தூரம், என்ன பார்த்தேன், என்ன சொன்னேன். பார்க்காததை எழுதாதீர்கள். வெளியேற்றிய ஆட்டக்காரரின் எண்ணையும், அவரை யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்பதையும் எழுதி, மறுநாள் காலை அந்த அணியின் பயிற்சியாளரை அழைத்து மருத்துவரிடம் காட்டினார்களா என்று கேளுங்கள். பதிலையும் அதே தாளில் குறித்து வையுங்கள்.